தவளை ஒழுங்கையின் பன்னிரண்டு அடி

மார்க்கண்டு வென்றவை பல. ஏழாம் மாதத்தில் பிறந்து, மருத்துவிச்சி கைவிட்ட பிறகும் பஞ்சுப் பொதிக்குள் கிடந்து மூச்சைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வயதில் ஊரெல்லாம் பரவிய விஷக்காய்ச்சல் தாயைக் கொண்டுபோனது. அதே பாயில் கிடந்த அவனை விட்டுவிட்டுப் போனது. மாட்டுச் சவாரியில், நொண்டி என்று ஒருவர் கழித்துவிட்ட நாம்பனைப் பூட்டி ஓடி முதலாவதாக வந்தான். மூன்று பேர் வெட்டிப் பார்த்து, "வைரக்கல், தண்ணி வராது" என்று ஏறிவிட்ட கிணற்றில் நாலாவது ஆளாக இறங்கிப் பதினோராம் நாள் ஊற்றைக் கண்டான். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன், இருபத்திரண்டாம் வயதில் தெருவுக்குக் கல் உடைக்கும் பதினாறு பேருக்குக் கங்காணியானான். கடைசியாக, பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவனுக்கு நெஞ்சளவு அரை அங்குலம் போதாமல் இருந்தது. நாடாவைச் சுற்றும்போது மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நின்றான்.

"அக்கா, அரை அங்குலம் காத்திலைதான் நான் சிப்பாய்" என்று வந்து சொன்னான்.

இவற்றையெல்லாம் ஆண்டு, மாதம் தவறாமல் சொல்லக்கூடியவள் அவனுடைய தமக்கை மகாதேவி. தாய் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுகொண்டு தம்பியை இடுப்பில் ஏற்றியவள், பிறகு இறக்கவேயில்லை. 1927ஆம் ஆண்டு இராசநாயகத்தைக் கலியாணம் செய்து, நீர்வேலியில் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணியில் குடியேறியபோதும், "என்னோடை தம்பியும் வருவான்" என்று முதலிலேயே சொல்லித்தான் கழுத்தை நீட்டினாள். அவள் எதையும் அளந்து செய்கிறவள். அவளுடைய வேலியைப் பார்த்து, முன்னால் ஓடும் ஒடுங்கிய மண்தெருவான ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று போவார்கள். ஒவ்வொரு மாசி மாதமும் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குக் கயிறு பிடித்து, கயிற்றை ஒட்டி வேலிக் கம்பான கதியால் நட்டு, அதன்மேல் பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டுவிப்பாள். ஒரு கதியால் வயிறு தள்ளி நின்றாலும் பிடுங்கி நடவேண்டும். நடுகிறவன் மார்க்கண்டு. அடியெல்லாம் கல் என்பதால் இரும்பு அலவாங்கு போட்டுத்தான் குழி எடுக்கவேண்டும். அதற்கு அவனைவிட்டால் ஆள் இல்லை.

அவன் 1941ஆம் ஆண்டு சித்திரையில் பட்டாளத்துக்குப் போனான். துவக்குப் பிடிக்கிற பட்டாளமல்ல. தெருப் போடுகிற, பாலம் கட்டுகிற பட்டாளம். எகிப்து என்கிற மிசிர் நாட்டுப் பக்கம் பாலைவனத்தில் வேலை. அடுத்த ஆண்டு ஆவணியில் தந்தி வந்தது. ஆனி மாதம் மூன்றாம் கிழமையில் ஒருநாள் இறந்தான் என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த நாள் என்று இல்லை. நாள் தெரியாதபடியால் திதி பார்க்க முடியவில்லை. திவசத்துக்கு ஆடி அமாவாசையை எடுத்துக்கொள்ளும்படி ஐயர் சொன்னார். சாம்பலும் இல்லை, கீரிமலைக் கடலில் கரைப்பதற்கு. "பிறந்து இருந்த ஊரிலை அவன்ரை அடையாளம் எண்டு ஒரு துரும்பும் இல்லை" என்பதுதான் நாலு வருடமாக மகாதேவியின் நெஞ்சில் கிடந்த கல்.

யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு, 1946 தை மாதம் இருபத்தோராம் திகதி, கிராமச் சங்கத்துக் கிளாக்கர் நேசையா சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலி வாசலான படலையடிக்கு வந்தார்.

"அம்மா, சங்கம் ஒருமனதாய்த் தீர்மானிச்சிருக்கு. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதது எங்கடை பகுதியிலை உங்கடை தம்பி ஒராள்தான். இந்த ஒழுங்கைக்கு அவர்ரை பேரை வைக்கிறதெண்டு முடிவு."

மகாதேவி படலையை முழுதாகத் திறந்துவிட்டாள். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த இராசநாயகம்தான் கேட்டார்.

"அப்ப தவளையளிட்டைக் கேட்டாச்சோ, கிளாக்கர் ஐயா?"

அந்த ஒழுங்கைக்கு ஊரார் வைத்த பெயர் தவளை ஒழுங்கை. மாரி தொடங்கினால் வண்டில் தடங்களில் தண்ணீர் நின்று, தவளைகள் கத்திக்கொண்டிருக்கும்.

"கேட்டாச்சு" என்றார் நேசையா. "அதுகளுக்குச் சம்மதம். ஆனால் ஒரு சட்டம் இருக்கு. சங்கத்துத் தெருவெண்டு பதியிறதுக்கு, இந்தத் தலை தொடக்கம் அந்தத் தலை வரைக்கும் பன்னிரண்டு அடி அகலம் இருக்கவேணும். பங்குனி முடியமுன்னம் அரசாங்கக் கச்சேரிக்குத் தெருப் பட்டியல் போகுது. அதுக்குள்ளை அகலம் காட்டேலாட்டித் தீர்மானம் கடதாசியிலைதான் கிடக்கும்."

"அகலம் இருக்கும்" என்றாள் மகாதேவி. "இல்லாட்டியும் வரும்."

அடுத்த நாளே அவள் புறப்பட்டாள். ஒழுங்கையில் பதினான்கு படலை. ஒவ்வொரு படலைக்கும் போய், வேலி முன்னுக்கு வந்திருந்தால் பின்னுக்கு எடுக்கும்படி கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பார்த்து வேலியைப் பின்னுக்கு எடு என்று சொல்வது, உன் மகளைத் தா என்று கேட்பதைவிடக் கடினம். அரை முழ நிலத்துக்காக அண்ணன் தம்பி கோட்டுக்குப் போன ஊர். என்ன சொல்லித் தொடங்குவதென்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனவளுக்கு, முதல் படலையிலேயே அடுக்கியது எல்லாம் வீணாயிற்று.

"பிள்ளை, நாங்கள் நேற்றே கயிறு பிடிச்சுப் பாத்திட்டம்" என்றார் அந்த வீட்டுக்காரர். "எங்கடை பக்கம் ஒரு அடி வெளியிலை நிக்குது. வாற கிழமை எடுக்கிறம். அந்தப் பெடியன் எங்கடை கிணத்துக்கை ஒன்பது நாள் நிண்டவன். நான் உதுக்கு நியாயம் கதைக்கேலுமோ."

இரண்டாவது படலையிலும் அதே கதை, மூன்றாவதிலும் அதே கதை. பதினான்கு வீட்டுக் கிணறுகளில் ஒன்பது கிணற்றில் அவனுடைய அலவாங்கு பட்டிருந்தது. மற்ற வீடுகளில் ஒன்றுக்கு அவன் கூரை வேய்ந்திருந்தான். இன்னொன்றில் கிணற்றுக்குள் விழுந்த கன்றுக்குட்டியைத் தோளில் போட்டு ஏறியிருந்தான். தம்பியைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றிருந்த மகாதேவிக்கு, அந்த ஒரு பகலில் ஏழு புதிய செய்திகள் கிடைத்தன. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைத்தாள்.

அவள் போகாத படலை ஒன்றே ஒன்று. அது அவளுடைய படலைக்கு நேர் எதிர்ப் படலை. சிவக்கொழுந்து வீடு.

சிவக்கொழுந்தோடு மகாதேவி கதைப்பதை விட்டுப் பதினொரு வருடம். 1935ஆம் ஆண்டு ஒருநாள், வாழைக்குலை ஏற்றிவந்த வண்டில் மகாதேவியின் வேலியை உரசிக் கிடுகைக் கிழித்தது. வண்டில்காரன், "ஒழுங்கை காணாதம்மா" என்றான். மகாதேவி ஒழுங்கையில் இறங்கி, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, "ஒழுங்கை காணும். சிலபேற்றை வேலி நடக்கிறதாலைதான் காணேல்லை" என்றாள். அதோடு இரண்டு படலையும் ஒன்றையொன்று பாராமல் இருந்தன.

மாசி மாதம் ஒன்பதாம் திகதி நேசையா பழைய நிலஅளவைப் படத்தோடும் சங்கிலியோடும் நாடாவோடும் அளக்க வந்தார். மற்ற இடமெல்லாம் வேலிகள் விலகி, பன்னிரண்டு அடி சரியாக இருந்தது. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்தபோது எட்டரை அடி. மகாதேவி இடுப்பில் கைவைத்து எதிர்வேலியைப் பார்த்தாள்.

"இப்ப பாத்தியளோ கிளாக்கர் ஐயா. நான் பதினொரு வரியமாய்ச் சொல்லுறன். என்ரை வேலி கயிறு பிடிச்ச வேலி. வளைவு இருக்கோ பாருங்கோ."

"வளைவு இல்லைத்தான்" என்றார் நேசையா. படத்தைத் திருப்பிப் பார்த்தார். சந்தியில் இருந்த கல்லிலிருந்து சங்கிலி போட்டு, நடுக்கோட்டுக்கு ஒரு தடி ஊன்றினார். தடியிலிருந்து எதிர்ப்பக்கம் ஆறடி அளந்தார். சிவக்கொழுந்தின் வேலியடியில் வெள்ளை பூசிய எல்லைக்கல் இருந்தது. நாடா அதன் தலையில் போய் நின்றது. பிறகு இந்தப் பக்கம் அளந்தார். வேலி வந்தது, நாடாவில் இன்னும் மூன்றரை அடி மிச்சமாக இருந்தது. அவர் கிடுகுக்கு இடையால் நாடாவை விட்டு, உள்ளே போய்ப் பார்த்தார். அது வாழைப் பற்றைக்குள் போய் நின்றது.

"இஞ்சை ஒருக்கால் வெட்டிப் பாக்கலாமோ?"

இராசநாயகம் மண்வெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு சாண் போகமுன்னமே டங்கென்று கேட்டது. மண்ணைத் துடைத்தால், தலையில் சிலுவை வெட்டிய எல்லைக்கல்.

மகாதேவி கல்லைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். மறுபடி கல்லைப் பார்த்தாள்.

"உது எப்பிடி உள்ளுக்கு வந்தது?"

"கல் வரேல்லை" என்றார் இராசநாயகம் மெதுவாக. "வேலிதான் போனது."

நடந்தது இதுதான். ஒவ்வொரு மாசியிலும் உக்கிப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதுக் கதியால் நடும்போது, பழைய கட்டையின் வேர் உள்ளே இருக்கும். அதைக் கிண்டி எடுப்பது பெரும்பாடு. ஆகவே கட்டைக்கு வெளிப்பக்கமாக, மூன்று விரல் தள்ளி மார்க்கண்டு குழி எடுப்பான்; அவன் போன பிறகு கூலிக்கு வந்தவர்களும் அப்படியே எடுத்தார்கள். மகாதேவி கயிற்றையும் புதுக் கதியாலின் வெளிப்புறத்தில்தான் கட்டுவாள்; அப்போதுதான் ஒழுங்கையில் போகிறவர்களுக்கு வேலி நேராகத் தெரியும். வருடத்துக்கு மூன்று விரல். பத்தொன்பது மாசி. வளைவே இல்லாமல், அணிவகுத்து, வேலி மூன்றரை அடி நடந்திருந்தது. உள்ளே பிறந்த வெறும் நிலத்தில் அவளே வாழை வைத்தாள்; கல் மூடுண்டு போனது.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று புருஷனைக் கேட்டாள்.

"ஒரு அஞ்சாறு வரியமாய் ஒரு ஐமிச்சம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் கயிறு பிடிச்சு நிக்கேக்கை உம்மட்டை ஆர் கதைக்கிறது. எனக்கு மத்தியானம் சோறு வேணும்."

நேசையா குனிந்து சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க அவருக்கு அது உதவியது. பங்குனி முடியமுன்னம் வந்து திரும்ப அளப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மகாதேவி கல்லிலிருந்து வேலி வரைக்கும் தானே ஒருமுறை முழம் போட்டுப் பார்த்தாள். வேலியை எடுப்பதில் கஷ்டம் இல்லை. தம்பியின் பெயர் நிற்கும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது தன்னுடைய வேலிதான் என்பதும், அதற்குக் குழி எடுத்தது அவனுடைய கைதான் என்பதும்தான் உறுத்தின. அதற்குமேல் இன்னொன்று. எதிர்ப் படலைக்குப் போய்ச் சொல்லவேண்டிய ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் வேலியில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை, தலையை முடிந்துகொண்டு ஒழுங்கையைக் கடந்தாள். எட்டரை அடி தூரம். கடக்கப் பதினொரு வருடம் ஆயிற்று.

சிவக்கொழுந்து முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மகாதேவியைவிடப் பத்து வயது மூத்தவள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"வாடி பிள்ளை. படலை திறக்கத் தெரியாமல் போச்சோ எண்டு நினைச்சன்."

"கொழுந்தக்கா, பிழை என்னிலைதான். நடந்தது என்ரை வேலி."

"தெரியும்."

"கல்லுக் கண்டது கேள்விப்பட்டியளோ?"

"கல்லுக் காணமுன்னமே தெரியும். மார்க்கண்டன் சொன்னவன்."

"தம்பியோ? எப்ப?"

"பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தின கிழமை என்ரை கிணத்தைக் கலக்கி இறைச்சுத் தந்தவன்" என்றாள் சிவக்கொழுந்து. "ஏறி வந்து தலை துடைக்கேக்கை சொன்னான். 'கொழுந்தக்கா, பிழை எங்கடை வேலியிலைதான். குழி எடுக்கிற எனக்குத் தெரியாதோ. இப்ப சொன்னால் அக்காவுக்கு முகம் கறுத்துப் போகும், நானும் பக்கத்திலை இருக்கமாட்டன். நான் திரும்பி வந்து ஒரு மாசியிலை என்ரை கையாலை பின்னுக்கு எடுத்து விடுறன். அதுமட்டும் ஊர்த் தலைமை விதானையாரிட்டைப் போகாதேங்கோ' எண்டு கேட்டான்."

"நீங்கள் போகேல்லை."

"போகேல்லை. அவன் வராமல் விட்ட பிறகும் போகேல்லை. உன்னிலை உள்ள பட்சத்திலை எண்டு நினையாதை. நீ வாய்க்காரி. தண்ணி வராதெண்டு மூண்டுபேர் ஏறின கிணறு என்ரை கிணறு. இண்டைக்கும் காலமை அதிலைதான் முகம் கழுவினனான். அவன் கேட்ட ஒண்டை நான் செய்யாமல் விடுறதோ."

மகாதேவி நெல்லின் ஓரத்தில் இருந்துவிட்டாள். அழுகை வந்தது, ஆனால் துக்கம் மட்டுமல்ல. செத்துப்போனவன் ஒருவன் தன் தமக்கையின் முகம் கறுக்கக்கூடாதென்று ஐந்து வருடத்துக்கு முன் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். வாயில் நல்ல வார்த்தை வராத இந்த மனுஷி அதைக் காத்து வைத்திருக்கிறாள். யாருக்கு முதலில் கும்பிடு போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அழுகிறதெண்டால் தள்ளி இருந்து அழு" என்றாள் சிவக்கொழுந்து. "நெல் ஈரமாகுது."

வேலி மாசி பதினேழாம் திகதி எடுக்கப்பட்டது. மகாதேவி கூலிக்கு இரண்டு பேருக்குச் சொல்லியிருந்தாள். காலையில் படலையைத் திறந்தபோது ஒழுங்கையில் பத்துப்பேர் அலவாங்கோடு நின்றார்கள்; மார்க்கண்டுவின் கீழ் கல் உடைத்தவர்களும் அதில் நாலுபேர். இந்தமுறை குழி எல்லைக்கல்லின் நேருக்கு எடுக்கவேண்டும் என்றதால், பழைய வேர் எல்லாவற்றையும் கிண்டி எறியவேண்டியிருந்தது. பத்தொன்பது வருடத்துச் சோம்பலுக்கு ஒருநாள் தண்டம் என்று இராசநாயகம் சொல்லிக்கொண்டே கிண்டினார். குலையோடு நின்ற நாலு வாழையை வெட்டவேண்டியதாயிற்று. மகாதேவி அந்தக் குலைகளைப் பதினான்கு வீட்டுக்கும் சீப்புச் சீப்பாகப் பிரித்துக் கொடுத்தாள். முதல் சீப்பு எதிர்ப் படலைக்குப் போனது.

கயிற்றின் ஒரு தலையை மகாதேவி பிடித்தாள். மற்றத் தலையைப் பிடித்தவள் சிவக்கொழுந்து.

"இறுக்கிப் பிடியுங்கோ, கொழுந்தக்கா. தொய்யுது."

"தொய்யிறது உன்ரை பக்கம்தான். கல்லைத் தொட்டுப் பிடி, வெளியிலை பிடிச்சுப் பழகின கை."

வேலை செய்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மகாதேவியும் சிரித்தாள்.

பங்குனி இருபதாம் திகதி நேசையா மறுபடி வந்து அளந்தார். பதினான்கு படலை முன்னும் பன்னிரண்டு அடி. முற்றத்தில் கதிரையைப் போட்டு, முழங்காலில் தெருப் புத்தகத்தை விரித்து, மையில் பேனையைத் தோய்த்தார். சிவக்கொழுந்தும் வந்து படலைக் காலில் சாய்ந்து நின்றாள்.

"பேர், மார்க்கண்டு வீதி. நீளம் ஆயிரத்து இருபத்தாறு அடி. அகலம் பன்னிரண்டு அடி" என்று சொல்லிச் சொல்லி எழுதினார். பிறகு பேனை நின்றது. "ஆளின்ரை பேரிலை வைக்கிற தெருவுக்கு ஒரு திகதியும் எழுதவேணும். பலகையிலையும் அதைத்தான் பேருக்குக் கீழை போடுவினம். பிறந்த திகதி என்னம்மா?"

"பதியேல்லை. ஏழாம் மாதத்துப் பிள்ளை, தங்காதெண்டு ஒருத்தரும் பதியப் போகேல்லை. சாதகமும் எழுதேல்லை."

"இறந்த திகதி?"

"தந்தியிலை ஒரு கிழமைதான் கிடக்கு. நாள் இல்லை."

நேசையா பேனையைத் துடைத்தார். "வெறுமையாய் விட்டால் கச்சேரியிலை திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். பட்டாளத்திலை சேந்த திகதியைப் போடுவமோ?"

"அண்டைக்கு அவன் பெருவிரல்தான் வைச்சவன்" என்றாள் மகாதேவி. "உது அவன்ரை நாள் இல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

அவள் உள்ளே போய்ப் பெட்டகத்திலிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். மிசிர் நாட்டிலிருந்து ஒன்பது கடிதங்கள் வந்திருந்தன. எழுதியவன் கூடப்போன உரும்பிராய்ப் பெடியன். முதல் ஆறிலும் அடியில் மார்க்கண்டுவின் பெருவிரல் அடையாளம் மையில் பதிந்திருந்தது. அவள் கொண்டுவந்தது ஏழாவது. கடைசிப் பக்கத்தில் உரும்பிராயான் இப்படி எழுதியிருந்தான்: "அக்கா, உங்கள் தம்பி மூன்று மாதமாய் வேலைக்கு நடுவில் மணலில் விரலால் எழுதி எழுதி அழிக்கிறான். என்னத்துக்கென்று கேட்டேன். அக்கா படித்தவ, எத்தனை நாளைக்கு அவவுக்கு விரலை அனுப்புகிறது என்கிறான். இனி மிச்சம் அவனே."

அதன் கீழே விரல் அடையாளம் இல்லை. கல் அடுக்கிய மாதிரி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாய், அழுத்திய இடத்தில் கடதாசி கிழிபடும் அளவுக்கு, மார்க்கண்டு என்று இருந்தது. அதன் பக்கத்தில் அவனே திகதியும் போட்டிருந்தான்.

நேசையா வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிவக்கொழுந்து, "என்ன கிடக்கு அதிலை, எனக்கும் சொல்லுங்கோவன்" என்றாள். அவர் வாசித்துக் காட்டினார். அவள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைப் போடலாமோ?" என்று மகாதேவி கேட்டாள்.

நேசையா புத்தகத்தில் அந்தக் கட்டத்தின் தலைப்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார்.

"திகதி எண்டுதான் அச்சடிச்சிருக்கு. எந்தத் திகதி எண்டு கேக்கேல்லை. போடலாம், அம்மா."

பேனையை மறுபடி மையில் தோய்த்து, அகலத்துக்கு அடுத்த கட்டத்தில், கடிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார்: 14-3-1942.